அண்டாவில் விழுந்த அறுபத்தெட்டு

ஜல்வீர் போன் கம்பெனியில் இரண்டு இலாகாக்கள் உண்டு. ஒன்று, போனைத் தண்ணீரில் நீந்தவிட்டுப் படம் எடுத்து ஊர் ஊராக ஒட்டும். மற்றது, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போனைத் தண்ணீரில் போட்டவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரிக்கும். முதல் இலாகாவுக்குச் சிரித்த முகமாகப் பார்த்து ஆள் எடுப்பார்கள். இரண்டாவதற்கு அந்தத் தகுதி தேவையில்லை.

ஜமுனாமரத்தூரில் சாமை அரைக்கும் மில் வைத்திருக்கும் சின்னக்குழந்தைக்கு இப்படி இரண்டாவது இலாகா ஒன்று இருப்பதே தெரியாது. முதல் இலாகாவின் படத்தைத்தான் அவர் ஒடுகத்தூர் கடைத்தெருவில் பார்த்தார். நீலத் தண்ணீருக்குள் ஒரு போன் மீனோடு மீனாகப் போய்க்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே கடை, கடைக்குள் கய்யூம் பாய்.

"மில்லு வெச்சிருக்கீங்க. மாவுத் தூசி. மலையில எந்நேரமும் மழ. உங்களுக்கு இத்த வுட்டா வேற ஆவாது" என்றார் பாய். "ஐபி அறுபத்தெட்டு."

"நூத்துக்கு அறுபத்தெட்டா?"

"மார்க் இல்லீங்க. ஆறு தூசிக்கு, எட்டு தண்ணிக்கு."

"அப்ப பத்துக்கு ஆறு, பத்துக்கு எட்டு."

"தூசியில ஆறுக்கு மேல கெடையாது. அதான் ஃபுல்லு. தண்ணியில எட்டுக்கு மேல ஒண்ணு கீது. அது காரு கழுவுற எடத்துல பைப்பு வெச்சி பீச்சுவாங்களே, அதுக்கு. நீங்க இன்னா போன பீச்சியா கழுவப் போறீங்க?"

சொல்லிக்கொண்டே பாய் ஒரு போனைக் கண்ணாடி டம்ளர் தண்ணீருக்குள் போட்டு, இன்னொரு போனிலிருந்து அதைக் கூப்பிட்டார். டம்ளர் மணியடித்தது. சின்னக்குழந்தை தன் ஆயுளில் தண்ணீருக்குள்ளிருந்து எதுவும் தன்னைக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அங்கேயே விழுந்துவிட்டார். பொங்கல் வரிசை கொடுக்கவேண்டிய நேரம் வேறு. தனக்கு ஒன்று, கண்ணமங்கலத்தில் இருக்கும் சம்பந்தி அசோக்குமாருக்கு ஒன்று என்று ஜோடியாக வாங்கிக்கொண்டு மலையேறினார். அசோக்குமார் ரோட்டோரம் டிபன் ஓட்டல் நடத்துகிறவர். சின்னக்குழந்தையின் மகள் அபிநயாவை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருந்தது.

அன்றிலிருந்து சின்னக்குழந்தையின் நடை மாறிவிட்டது. மாலையில் மில்லை நிறுத்தியதும் முகம் கழுவுவார், கூடவே போனையும் கழுவுவார். சோப்புப் போட்டார் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன். அவர் புண்ணியத்தில் மலையில் எல்லாருக்கும் எண் பைத்தியம் பிடித்தது. மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் நிலம், படிப்பு எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "போனு எத்தினி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அறுபத்தேழு என்று உண்மையைச் சொன்ன ஒரு பையனுக்கு இன்னும் பெண் அமையவில்லை.

ஆடி மாதம் வந்தது. மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் தண்ணீர். முறை உள்ளவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொள்ளலாம். மாமன், மச்சான், சம்பந்தி யாரும் தப்ப முடியாது. செல்போன் வந்த பிறகு இதில் ஒரு புதுச் சடங்கு சேர்ந்திருக்கிறது. அண்டாவைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன்னால் ஆண்கள் வரிசையாக வந்து தங்கள் போன்களைச் சின்னக்குழந்தையின் மனைவி கெங்கம்மாளிடம் ஒப்படைப்பார்கள். கெங்கம்மாள் அவற்றைச் சாமை மூட்டைக்குள் புதைத்து, மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வார். மஞ்சள் காயும்வரை மூட்டை மணியடித்துக்கொண்டே இருக்கும். நடுவில் அம்மனே வந்து ஒரு போன் பண்ணவேண்டும் என்று கேட்டாலும் எடுத்துத் தரமாட்டார்.

"உங்களுத குடுங்க" என்று கெங்கம்மாள் கணவரிடம் கை நீட்டினார்.

"உன் மூட்ட அறுபத்தெட்டு இல்லாதவனுக்கு."

"குடுத்துத் தொலைங்க. நாலு பேரு சிரிக்கிற மாரி ஆயிடப்போவுது."

சின்னக்குழந்தை மனைவி சொல்லைத் தட்டினார். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. வரிசையில் அசோக்குமார் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"சம்பந்தி, நீங்க எதுக்கு வரிசையில? நான் குடுத்த போன சாமையில பொதச்சா எனக்கு இன்னா மரியாத?"

"இருக்கட்டும் சம்பந்தி. எதுக்கு வம்பு" என்றார் அசோக்குமார். வெயில் அவ்வளவு இல்லை. ஆனாலும் அவருக்கு வேர்த்திருந்தது.

"வம்பா? அண்டாவுக்குள்ளயே போடலாம். ஒண்ணியும் ஆவாது."

"வேணாம் சம்பந்தி. சொன்னா கேளுங்க."

"நான் குடுத்தது மேல நம்பிக்க இல்லியா?"

உறவுக்காரர்கள் கூடி நிற்கும் இடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால், வேலூர் சீமையில் எந்த மனிதராலும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. அசோக்குமார் கண்ணை மூடிக்கொண்டு போனை அண்டாவில் விட்டார். சின்னக்குழந்தை தன்னுடையதையும் விட்டார். வேப்பிலைக்கு நடுவே இரண்டும் ஜோடியாக மூழ்கின. பம்பை மேளம் அடிக்கிறவர் அடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

கையை விட்டு எடுத்தபோது சின்னக்குழந்தையின் போன் திரைப் படத்தில் முருகன் மஞ்சளாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அசோக்குமாரின் போன் கறுப்பாக இருந்தது. அமுக்கினார்கள், குலுக்கினார்கள், ஊதினார்கள். "அசந்து தூங்குது, எழுந்துக்கும்" என்றார் சின்னக்குழந்தை. கற்பூரம் காட்டியும் எழுந்துகொள்ளவில்லை.

ஒரே அண்டா, ஒரே தண்ணீர், ஒரே அறுபத்தெட்டு. கூட்டத்தில் யாரோ ஒருவர், எல்லாக் கூட்டத்திலும் இருக்கிறவர், சொன்னார்: "தனக்கு ஒரிஜினலு, சம்பந்திக்கு டூப்ளிகேட்டு போல."

அசோக்குமார் சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டார். "ரெண்டும் ஒரே கடையிலதான் வாங்கினீங்களா சம்பந்தி?"

கேட்டுவிட்டு, கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் ஏறிவிட்டார். கோயில் விருந்தின் கறிக்குழம்பைச் சாப்பிடாமல் போவது, எங்கள் பக்கம், கோர்ட்டில் கேஸ் போடுவதற்கு முந்தைய படி.

அதற்குப் பிறகு சின்னக்குழந்தை கடைத்தெரு வழியாக நடப்பதை நிறுத்தினார். துண்டைத் தலையோடு போட்டுக்கொண்டு பின்பக்கத் தோப்பு வழியாக மில்லுக்குப் போவார். அரைக்க வந்தவர்கள் சாமையைக் கொட்டிவிட்டு, "மாவு ஒரிஜினலா வருமா?" என்று கேட்டார்கள். அபிநயா போன் செய்தாள்.

"மாமா உங்க பேரெடுத்தாலே சாம்பார் வாளிய தூக்கிக்கினு உள்ள போய்டறாருப்பா. அடுத்த மாசம் வளைகாப்பு. நூறு பேருக்கு நடுவுல நீங்க வந்து தலைய குனிஞ்சிக்கினு உக்காந்தா நான் எப்பிடிப்பா கைய நீட்டி வளையல் போட்டுக்குவேன்?"

அபிநயாவே மாமனாரிடம் பக்குவமாகப் பேசி, செத்த போனை ஒரு பையில் சுற்றி மலைக்கு அனுப்பிவைத்தாள். வளைகாப்புக்குள் அது உயிர் பெறவேண்டும், இல்லாவிட்டால் அது அசல்தான் என்று கம்பெனி வாயால் சொல்லவேண்டும். சின்னக்குழந்தை இரண்டு போன்களையும் எடுத்துக்கொண்டு வேலூர் பஸ்ஸில் கடைசி சீட்டில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஜல்வீரின் சேவை மையம் குளிர்ந்த இடம். உள்ளே தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி இல்லை. நீண்ட காத்திருப்புக்குப் பின் அவரை ஒரு கண்ணாடி அறைக்குள் விட்டார்கள். மேசையில் 'அருள், திரவ நிகழ்வு ஆய்வாளர்' என்று பலகை இருந்தது.

"தண்ணி பூந்துடுச்சிங்க" என்றார் சின்னக்குழந்தை.

"அப்படிச் சொல்லக் கூடாதுங்க. திரவத் தொடர்பு ஏற்பட்டிருக்கலாம்னு சொல்லணும்."

"ஏற்பட்டிருக்கலாம் இல்லீங்க. நாந்தான் போடச் சொன்னேன்."

அருள் பேனாவைக் கீழே வைத்தார். "முதல் நாளே உண்மையச் சொல்லிட்டீங்கன்னா நாங்க எப்படிங்க விசாரிக்கிறது? சரி. நல்ல தண்ணியா?"

"அம்மனுக்கு வெச்ச தண்ணிங்க. அத்தவிட நல்ல தண்ணி எங்க கெடைக்கும்?"

"மஞ்சள் கலந்தா அது தண்ணி இல்லீங்க. தண்ணிக்கும் கொழம்புக்கும் நடுவுல ஒரு வகை. அசையாம இருந்துச்சா?"

"பம்ப அடிச்சாங்க. லேசா ஆடுச்சி."

"பாருங்க. ஆடுற தண்ணிக்கு நாங்க பொறுப்பு இல்ல."

"அப்ப அந்த எட்டு?"

அருளின் முகத்தில் பக்தி தோன்றியது. "அந்த எட்டு உங்க போனுக்குக் குடுத்தது இல்லீங்க. எங்க பரிசோதனைக் கூடத்துல இருக்கிற போனுக்குக் குடுத்தது. பிரிச்ச மேனிக்குப் புதுசு. அதுல யாரும் பேசினதில்ல. ஆடாத, அசையாத நல்ல தண்ணியில அரை மணி நேரம் இருந்துச்சு. இன்னும் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கோம். ஆயுத பூஜைக்கு மாலை போடுவோம்."

"அப்ப எங்க கையில இருக்கறது?"

"அதுக்கு ஒறவு."

"கேரண்டி இருக்குதுன்னு பாய் சொன்னாரே."

"இருக்கு. தண்ணியத் தவிர எல்லாத்துக்கும் இருக்கு."

"தண்ணிக்குன்னுதானே வாங்கினேன்."

"நல்லா கவனிங்க" என்றார் அருள், பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "போன் தண்ணிய எதிர்த்துச்சுன்னா தண்ணி உள்ள போயிருக்காது. உள்ள போகலைன்னா உங்களுக்குப் புகார் இல்ல. உள்ள போச்சுன்னா, நீங்க போனை அது எதிர்க்க முடியாத நெலைமைக்குக் கொண்டுபோயிருக்கீங்க. அப்பவும் உங்களுக்குப் புகார் இல்ல. ரெண்டு பக்கமும் உங்களுக்குப் புகாரே இல்லாம பாத்துக்கிறோம். இதைத்தான் வாடிக்கையாளர் நிம்மதின்னு சொல்றோம்."

பிறகு அவர் சின்னக்குழந்தையின் சொந்தப் போனைத் திருப்பிப் பார்த்தார். சார்ஜ் ஏற்றும் துளையில் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது.

"இது என்ன?"

"சாம மாவு. அதுக்குத்தாங்க ஆறு."

"மாவு தூசி இல்லீங்க. உணவுப் பொருள். நாங்க முகப் பவுடர் மாதிரி ஒரு தூள வெச்சிதான் சோதிக்கிறோம். அது உள்ள போச்சுன்னா சொல்லுங்க, பாக்கலாம்."

சின்னக்குழந்தைக்குத் தான் முகப் பவுடர் போடாத குறை அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் அருள் செத்த போனின் சிம் தட்டை இழுத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். அங்கே ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். வெள்ளையாக இருந்தால் தண்ணீர் படவில்லை. சிவப்பாக இருந்தால் பட்டிருக்கிறது. கம்பெனியின் நீதி முழுவதும் அந்தச் சின்ன வட்டத்தில்தான் அடங்கியிருக்கிறது. அருள் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுந்துபோய் இன்னொருவரைக் கூட்டிவந்தார். அவர் இன்னும் இருவரைக் கூட்டிவந்தார்.

ஸ்டிக்கர் மஞ்சளாக இருந்தது.

மஞ்சளுக்கு விதி இல்லை. வெள்ளை, சிவப்பு தவிர உலகத்தில் மூன்றாவது நிறம் உண்டு என்று தலைமையகம் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. சேவை மையத்தில் அன்று அதற்குமேல் வேலை நடக்கவில்லை. ஒரு பெண் அழுதாள் என்றுகூடக் கேள்வி. சாயங்காலம் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது: மஞ்சள் என்பது சிவப்பாகப் போகும் வெள்ளையா, வெள்ளையாகத் திரும்பும் சிவப்பா என்று தெரியும்வரை யாரும் போனைத் திறக்கக் கூடாது. மண்டலத் தலைவரே நேரில் வந்து, சம்பவம் நடந்த இடத்தில், சம்பந்தப்பட்ட எல்லாரையும் வைத்து, சம்பவத்தைத் திரும்ப நடத்திப் பார்ப்பார்.

"எல்லாரையும்னா?" என்று சின்னக்குழந்தை ஈனசுரத்தில் கேட்டார்.

"போன் சொந்தக்காரர் கண்டிப்பா இருக்கணும்" என்றார் அருள்.

சின்னக்குழந்தை பஸ் நிலையத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று மகளுக்குப் போன் செய்தார். அபிநயா "மாமாவ நான் கூப்புடறேம்ப்பா" என்று மட்டும் சொன்னாள். அவள் என்ன சொல்லிக் கூப்பிட்டாளோ, சோதனை நாளில் அசோக்குமார் மலையில் வந்திறங்கினார். சின்னக்குழந்தை "வாங்க சம்பந்தி" என்றார். அசோக்குமார் அவருக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தைப் பார்த்து "ம்" என்றார்.

மண்டலத் தலைவர் கல்பனா பெரிய காரில் வந்தார். நல்ல வெயில். அவரும் அருளும் கூட வந்தவர்களும் மழைக்கோட்டு அணிந்திருந்தார்கள். கோயில் முன்னால் அண்டாவை வைத்து, அதே மஞ்சளைக் கரைத்திருந்தார்கள்.

"சோதனை அறை வெப்பத்தில் நடக்கவேண்டும்" என்றார் கல்பனா. "இங்கே அறை எங்கே?"

அறை இல்லை. அண்டாவைச் சுற்றி நான்கு கம்பு நட்டு, முன்பக்கம் மட்டும் விட்டுத் தார்ப்பாய் கட்டி அறை செய்தார்கள். அடுத்தது, தண்ணீர் அசையக் கூடாது. மில்லை நிறுத்தச் சொன்னார்கள். ஆடு மாடுகளை அப்பால் ஓட்டினார்கள். தும்மல் வந்த ஒருவரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தார்கள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு அண்டாவைப் பார்த்தது. தேர்தலுக்குக்கூட எங்கள் மலை அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

அப்போது கெங்கம்மாள் வழக்கம்போலச் சாமை மூட்டையோடு வந்து உட்கார்ந்தார். கல்பனா அது என்ன என்று கேட்டார். மஞ்சள் தண்ணீர் பட்டுப் போன் கெட்டுவிடாமல் இருக்க, என்று யாரோ சொன்னார்கள். மழைக்கோட்டுகளுக்குள் ஒரு சலசலப்பு. அருள் முதலில் வந்தார். பாலித்தீன் பையில் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட தன் ஜல்வீரை நீட்டினார்.

"எத்தினி?" என்று கேட்டார் கெங்கம்மாள்.

"அறுபத்தெட்டுங்க."

"குடுங்க."

எல்லாரும் கொடுத்தார்கள். மண்டலத் தலைவர் மட்டும் இரண்டு பைகளில் சுற்றியிருந்தார். பதவிக்கு ஏற்ற பை.

அதன்பின் கல்பனா ஒலிபெருக்கியைப் பிடித்தார். "எங்கள் நிறுவனம் தண்ணீர் புகாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. தண்ணீரை எதிர்க்கும் என்றுதான் சொன்னோம். எதிர்ப்பது எங்கள் கடமை. ஜெயிப்பது இயற்கையின் கையில். விளம்பரத்தில் நீந்தும் போனைப் பார்த்து நீங்கள் நம்பினால், அது எங்கள் விளம்பரத் துறையின் வெற்றி. நம்பி நனைத்தால், அது உங்கள் தவறு. வெற்றி ஒரு துறையிலும் தவறு இன்னொரு துறையிலும் வருவதால் எங்களுக்குக் குழப்பமே வந்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் எங்கள் போன்கள் முன்னைவிட அதிகமாகத் தண்ணீரை எதிர்க்கின்றன. ஒவ்வொரு வருஷமும் முன்னைவிட அதிகப் போன்கள் தண்ணீரால் கெட்டு எங்களிடம் வருகின்றன. மக்கள் எங்கள்மேல் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?"

ஜனம் கை தட்டியது. ஒலிபெருக்கியில் எது வந்தாலும் கை தட்டுவது நல்ல பழக்கம்.

"தண்ணீரில் போடத் தூண்டியவர் யார்?"

சின்னக்குழந்தை துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றார். "நாந்தாங்க." எங்கேயோ பிள்ளைகள் சிரித்தார்கள். கெங்கம்மாள் மூட்டையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

முதலில் சின்னக்குழந்தையின் போனை அண்டாவில் இறக்கினார்கள். அரை மணி கழித்து எடுத்தார்கள். முருகன் சிரித்தார். சிம் தட்டை இழுத்து டார்ச் அடித்தார்கள். ஸ்டிக்கர் பால் போல வெள்ளை.

"அப்ப அவரு போன்ல மட்டும் எப்பிடி மஞ்ச?" என்று கூட்டத்தில் அந்த ஆள் கேட்டார். "நான்தான் அன்னிக்கே சொன்னனே."

சின்னக்குழந்தைக்குக் காது மடல் எரிந்தது. தப்பித்து ஓடலாம் என்றால் தார்ப்பாய் அறை வழியை மறித்தது. கல்பனா கையுறை மாட்டிக்கொண்டு, செத்த போனைத் திறக்க உத்தரவிட்டார். அருள் வெள்ளைத் துணி விரித்து, சூடு காட்டிப் பசையை இளக்கி, மூடியைப் பெயர்த்தார். கறுப்பாக, உருண்டையாக ஏதோ ஒன்று உள்ளேயிருந்து உருண்டு வந்து துணியின் நடுவில் நின்றது.

அருள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு மூக்கை வைத்துப் பார்த்தார்.

"மேடம், கடுகு."

"என்ன கடுகு?"

"தாளிச்சது. பெருங்காய வாசனையும் இருக்கு. இந்த மஞ்சள் கோயில் மஞ்சள் இல்ல மேடம். சாம்பார்."

மண்டலத் தலைவர் வானத்தைப் பார்த்தார். ஒரு பதவியின் முழுப் பாரமும் அப்போது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு தீர்ப்புச் சொன்னார். "கடுகு தூசி அல்ல. ஆறில் வராது. கடுகு திரவம் அல்ல. எட்டில் வராது. மூடிய போனுக்குள் கடுகு தானாகப் போக வழியில்லை. இது எங்கள் அசல் போன்தான். ஆனால் ஏற்கனவே சாம்பாரில் விழுந்து, வெளியே யாரோ திறந்து, துடைத்து, வேறு பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அண்டாவில் செத்திருக்கிறது. யார் திறந்தது?"

அசல்தான். ஊர் நடுவில், ஒலிபெருக்கியில், கம்பெனியின் வாயாலேயே வந்துவிட்டது. ஒரு மாதமாகத் தோப்பு வழியாக நடந்தவருக்கு அந்த ஒரு சொல் போதும். சின்னக்குழந்தை முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். நிமிர்த்திப் பார்த்தபோது, கூட்டத்தில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. எல்லாத் தலைகளும் மெதுவாக ஒரே பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தில் நாள்தோறும் சாம்பார் வாளியோடு இருக்கிறவர் ஒருவர்தான்.

அசோக்குமார் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை துண்டின் முனையைத் திருகிக்கொண்டிருந்தது. காது மடல் சிவந்திருந்தது. அது எப்படி எரியும் என்று சின்னக்குழந்தைக்குத் தெரியும். இன்னும் ஒரு விநாடி பேசாமல் இருந்தால் போதும். ஊர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். அந்தச் சிரிப்பு மலையை விட்டு இறங்கி, கண்ணமங்கலம் போய், ஓட்டலில் இட்லி தின்றுவிட்டு, அபிநயா கை நீட்டும் மண்டபத்தில் வந்து உட்காரும்.

"யார் திறந்தது?" என்று கல்பனா மறுபடி கேட்டார்.

"எங்க வூட்டுக் கடுகுங்க" என்றார் சின்னக்குழந்தை.

கூட்டம் அப்படியே இவர் பக்கம் திரும்பியது.

"சம்பந்திக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நாந்தாங்க சாம்பாருல போட்டேன். தண்ணிக்கு எட்டுன்னாரு பாய். சாம்பாருக்கு எத்தினின்னு பாக்கலாம்னு ஒரு இது. அப்புறம் பயந்துக்கினு நானே தொறந்து தொடச்சி ஒட்டிக் குடுத்துட்டேன். சம்பந்திக்குத் தெரியாது."

அந்தப் பொங்கலுக்கு அவர் வீட்டில் மொச்சைக் குழம்புதான் வைத்தது. கெங்கம்மாள் வாயைத் திறந்தார். கணவரைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "நாந்தான் கரண்டியால எடுத்தேன்."

மலை சிரித்தது. பம்பைக்காரர் பம்பையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். சின்னக்குழந்தை நின்ற இடத்திலேயே நின்றார். தோப்பு வழி இனி அவருக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படும். கம்பெனிக்காரர்கள்தான் அன்று மிகவும் மகிழ்ந்தவர்கள். 'பயனரின் ஆர்வம்' என்று கேஸை முடித்தார்கள். மஞ்சள் நிறத்துக்கு விதி எழுதவேண்டிய ஆபத்து நீங்கியது. கல்பனா சின்னக்குழந்தையின் கையைப் பிடித்துக் குலுக்கி, இனி வரும் பெட்டிகளில் 'சாம்பாரில் இடாதீர்' என்று ஒரு வரி அச்சிடப்படும், அந்தப் பெருமை இந்த மலைக்கே உரியது என்றார்.

கூட்டம் கலைந்தது. அசோக்குமார் பஸ்ஸுக்கு அவசரப்படாமல் இருந்து, கெங்கம்மாள் போட்ட சோற்றைக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

வளைகாப்பு அன்று கண்ணமங்கலம் மண்டபத்தில் சின்னக்குழந்தை கதவோரத்து நாற்காலியில், ஆள் மறைவில் உட்கார்ந்தார். சாம்பார் என்ற சொல் எங்கே கேட்டாலும் தனக்கென்று தோன்றியது. அபிநயா இரண்டு கை நிறைய வளையலோடு அவரைத் தேடிக் கண்டுபிடித்து, தூரத்திலிருந்தே கையை ஆட்டிச் சத்தம் எழுப்பினாள். பந்தியிலும் அவர் கடைசி வரிசைக்குத்தான் போனார். பரிமாறும் ஆள் வாளியோடு வந்தபோது, பின்னாலிருந்து ஒரு கை அதை வாங்கிக்கொண்டது.

அசோக்குமார்தான். முதலாளியே வாளி தூக்குவதைப் பார்த்துப் பரிமாறுகிறவர்கள் ஒதுங்கினார்கள். அவர் சின்னக்குழந்தையின் இலைக்கு முன்னால் குனிந்தார். இவர் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவர் முகத்தை இவரும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரண்டி இலைக்கு மேலே வந்து நின்றது.

"பாயசம்" என்றார் அசோக்குமார் மெதுவாக. "இதுல கடுகு போடமாட்டோம் சம்பந்தி. தைரியமா சாப்புடுங்க."